அம்மிக்கல், உக்கடத்தான், ஸ்பைரல்

செப்டம்பர் 3, புதன்

பிரசன்னா போன் செய்தான். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவன். என் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதியே பாஸானவன். இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் மேனேஜர். அவன் டீமில் ஓர் இடம் காலியாகிறதாம்.

"கோகிலாக்கா, பன்னண்டு வருசம் வீட்ல இருந்தீங்கன்னு மேல சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஜாவா சர்டிஃபிகேட் ஒண்ணு மட்டும் கையில வாங்கிட்டு வாங்க, மத்தத நான் பேசிக்கறேன். அக்டோபர் பதினஞ்சு வரைக்கும் சீட்டப் புடிச்சு வெக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லைங்க்கா."

"சரிடா" என்று ஒரு குரல் சொன்னது. வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆகவே நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். கம்ப்யூட்டர் என்றால் ரயில் டிக்கெட் போட. "எழுது அம்மிணி. மொதல்ல நல்ல கைடா ஒண்ணு வாங்கு" என்றார், ஏதோ கத்தரிக்காய் வாங்கச் சொல்கிற மாதிரி.

செப்டம்பர் 6, சனி

ஆர்.எஸ்.புரத்துப் புத்தகக் கடையில் ஜாவா கைடு கேட்டேன். கடைப் பெண் அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். மேஜை முனகியது. நீல அட்டை. ஆயிரம் பக்கத்துக்கு மேல். எழுத்து எறும்பு சைஸ்.

நான் படித்தபோது ஜாவா ஆறாம் பதிப்பு. இது ஜாவா இருபத்தொன்று. பொருளடக்கத்தை நின்றுகொண்டே படித்தேன். தெரிந்த தலைப்பு நான்கு வந்தால் தெரியாதது பத்து வருகிறது. நான் தோசை ஊற்றி, மகள் யாழினிக்குத் தலை பின்னி, யூனிஃபார்ம் தேய்த்துக் கொண்டிருந்த வருடங்களில் யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து இதை இத்தனை பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் பக்கத்துக் காலி மனையில் எட்டு மாடி நிற்குமே, அப்படி நின்றேன். பயமா பிரமிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாங்கிவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போனது. அம்மிக்கல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

உக்கடம் பழைய புத்தகக் கடைக்கு இவர் கூட்டிப்போனார். இன்னும் ஒல்லியாக ஏதாவது கிடைக்கும் என்று போனோம். கிடைத்தது ஜாவா ஆறு. நான் கல்லூரியில் வைத்திருந்த அதே பதிப்பு. எவனோ ஓரமெல்லாம் பென்சிலில் இதயம் வரைந்து வைத்திருக்கிறான்.

"அது பழசுங்கற, அப்புறம் எதுக்கு?" என்றார் இவர்.

"கெடக்கட்டுங்க, தொணைக்கு."

"அம்மிணி, கொழந்தைக்குப் பழைய செருப்பப் போட்டா எப்படி நடக்கும்?"

அதைக் கையில் எடுத்தபோது எனக்கு இருபது வயது. இதை எப்படி மில்காரருக்கு விளக்குவது? இதற்கு உக்கடத்தான் என்று பெயர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு கைடுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி அழகாகப் பெயர் எழுதினேன். படிக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

காந்திபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரிக்கப் போனேன். வகுப்பில் எல்லாம் இருபத்தி சொச்ச வயது. என்னைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான், மேடம் வந்துவிட்டார் என்று. பெனசிர் என்ற பெண்தான் சிரிக்காமல் பக்கத்தில் இடம் கொடுத்தாள். பரீட்சைக் கவலையில் நகமெல்லாம் கடித்து வைத்திருக்கிறாள்.

"அக்கா, கைடெல்லாம் எதுக்கு? இது இருந்தாப் போதும்" என்று ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் காட்டினாள். கேள்வியும் விடையும் மட்டும். விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. எந்தக் கேள்விக்கு எத்தனாவது விடை என்று மனப்பாடம் செய்கிறார்கள். பெனசிர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: ரெண்டு, நாலு, ஒண்ணு, நாலு. ஜெராக்ஸ் போட எனக்கும் கொடுத்தாள்.

ஆக மூன்று. ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்க எனக்கு நாள் இல்லை. ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இவர் மூன்று மணிக்கே வந்திருக்கிறார். ஷிஃப்ட் மாறிவிட்டதாம். ரசம் வைத்திருந்தார். பதினாலு வருடத்தில் இவர் கையால் ரசம் சாப்பிட்டது இன்றுதான். நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மிக்கல்லைத் திறந்தேன். எங்கோ நடுவில் திறந்துகொண்டது. அங்கே ஒரு விஷயம்.

நூற்று இருபத்தேழு என்ற எண்ணை இரண்டு பெட்டியில் போட்டு, 'இரண்டும் ஒரே பெட்டியா?' என்று ஜாவாவைக் கேட்டால் 'ஆம்' என்கிறது. நூற்று இருபத்தெட்டைப் போட்டுக் கேட்டால் 'இல்லை' என்கிறது. நம்பவில்லை. லேப்டாப்பில் எழுதி ஓட்டினேன். ஆம். இல்லை. திரும்ப ஓட்டினேன். ஆம். இல்லை.

காரணம் இதுதான்: சின்ன எண்களை எல்லோரும் அடிக்கடி கேட்பார்கள் என்று அது முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் அதே பெட்டியைக் கொடுக்கிறது. அதற்கு மேலே போனால் கேட்கக் கேட்கப் புதிதாகச் செய்கிறது. மதியக் கூட்டத்துக்கு முன்பே சாதம் வடித்து வைக்கிற மெஸ்காரர் புத்தி. யாரோ ஒருவர் உட்கார்ந்து, மனிதர்கள் எந்த எண்களை அதிகம் கேட்பார்கள் என்று யோசித்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இவர் துடைத்தார். "என்ன அம்மிணி, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார். சொன்னேன். "அப்ப நூத்தி இருவத்தெட்டு பாவமில்ல?" என்று கேட்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

எந்த கைடு சிறந்தது என்று இணையத்தில் ஆட்கள் எழுதியிருப்பதை எல்லாம் படித்தேன். ஒருவர் அம்மிக்கல்லைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்கிறார். அடுத்தவர் அது தூக்க மாத்திரை என்கிறார். இன்னொருவர் கைடே வேண்டாம், எழுதி எழுதிப் பழகு என்கிறார். காலை முழுக்க இதிலேயே போயிற்று.

"பொண்ணு பாக்கறதுக்குக் கூட எங்கம்மா இவ்வளவு யோசிக்கல" என்றார் இவர்.

"அதனாலதான் நீங்க மாட்டிக்கிட்டீங்க."

"மாட்டுனது நானா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எது படிச்சாலும் சரி, படி. தேடிட்டே இருந்தா தேதி நிக்காது" என்றார். தேடிக்கொண்டிருக்கிறவரை தோற்க முடியாது, அதனால்தான் தேடுகிறேன் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மில்லிலிருந்து வந்தால் இவர் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து வாசலிலேயே நிறுத்தித் தட்டிவிடுவேன். கொஞ்ச நாளாகத் தட்ட ஒன்றும் இல்லை. அங்கேயே குளித்துவிட்டு வருகிறாராம்.

செப்டம்பர் 24, புதன்

இன்றும் அம்மிக்கல். எண்களை வடிகட்டு, இரண்டால் பெருக்கு, ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சிடு என்று அடுக்கடுக்காக எழுதி ஓட்டினேன். ஒன்றுமே நடக்கவில்லை. பிழையும் இல்லை. அச்சும் இல்லை. வெற்றுத் திரை.

தப்பு எங்கே என்று தேடித் தேடி, அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். தப்பே இல்லையாம். கடைசியில் 'எடுத்துக் கொடு' என்று ஒரு வரி கேட்கும்வரை முன்னால் சொன்ன எதையும் அது தொடாதாம். கேட்க ஆள் இல்லாத வேலையைச் செய்வதில்லை என்று வைராக்கியம். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டியது. கைதட்டிவிட்டேன். யாழினி ஹோம்வொர்க்கை விட்டு ஓடிவந்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

அடுத்த பாடம் குப்பை எடுப்பது. எந்தப் பெயரும் பிடித்துக்கொண்டிருக்காத பொருளை ஜாவா நினைவகத்திலிருந்து எடுத்துவிடும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து யாரும் இரண்டையும் பிடித்திருக்காவிட்டால் அதுவும் குப்பைதான், இரண்டும் சேர்ந்து போகும்.

இதை இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய் இவருக்குக் காபி போட்டேன், இவர் கேட்காமலே.

செப்டம்பர் 28, ஞாயிறு

பரீட்சைக்குப் பதிவு செய்துவிட்டேன். அக்டோபர் ஒன்பது. தவறினால் மறுபடி எழுத இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் பிரசன்னா பிடித்துவைத்த சீட் போய்விடும். ஒரே தடவைதான்.

பயத்தில் இரண்டு நாளாக ஸ்பைரலை மனப்பாடம் செய்கிறேன். ரெண்டு, நாலு, ஒண்ணு, நாலு. அம்மிக்கல் மூலையில் கிடக்கிறது. பெனசிர் சொல்கிறாள், "அப்பாடா, வழிக்கு வந்தீங்களாக்கா."

நாளையிலிருந்து டிபன் பாக்ஸ் வேண்டாம் என்கிறார் இவர். கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறாராம். கேன்டீன் சாம்பாரை இத்தனை வருடம் இவர் திட்டாத திட்டு இல்லை.

"ஏனுங், சாம்பாரு நல்லாயிருச்சா?"

"ஆள மாத்திட்டாங்க."

சரி என்றேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கைடு மூன்றையும் அடுக்கி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. யாழினியின் புத்தகம், பேனா, பென்சில், என் லேப்டாப் எல்லாம் அங்கேதான். லேப்டாப்புக்கு இவரே சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூவும் சுற்றினார். எங்கள் வீட்டு வழக்கப்படி, வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. இந்த டைரியையும் மறுநாள் எடுத்துத்தான் இந்தத் தேதி போட்டு எழுதுகிறேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் சும்மா போகிறதே என்று எரிச்சலோடு கொண்டைக்கடலையைத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாய் தானாக ஸ்பைரலை ஒப்பித்தது. ஒரு கேள்வியில் வந்து நின்றேன். விடை நாலு என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் கேள்வி கண்முன்னால் நின்றது, போக மறுத்தது.

ஒரு பட்டியல். அதில் 'அ' இருக்கிறது. அதை ஒரு வேலைக்காரனிடம் அனுப்புகிறோம். அவன் அதில் 'ஆ'வைச் சேர்க்கிறான். பிறகு தன் கையிலுள்ள பெயரை ஒரு புதுப் பட்டியலுக்குச் சூட்டி, அதில் 'இ'யைச் சேர்க்கிறான். அவன் வேலை முடிந்ததும் நம்முடைய பட்டியலை அச்சிட்டால் என்ன வரும்? ஸ்பைரல் சொல்வது நாலாவது விடை: 'இ' மட்டும்.

கரண்டி கையில் இருக்க, அதை நடத்திப் பார்த்தேன். பால்காரரிடம் என் வீட்டு விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். அவர் அந்த விலாசத்துக்கு வந்து கேட்டுக்கு பெயின்ட் அடித்தால் என் கேட்டுக்குத்தான் பெயின்ட். அதற்கப்புறம் அவர் சீட்டில் இருப்பதை அடித்துவிட்டு வேறு விலாசம் எழுதி, அங்கே போய் என்ன செய்தாலும் என் வீடு இடம் மாறாது. என் பட்டியலில் 'அ'வும் 'ஆ'வும்தான் இருக்க வேண்டும். அது இரண்டாவது விடை. நாலு இல்லை.

திரும்ப ஓட்டினேன். இரண்டு. இன்னொரு முறை, ஒவ்வொரு வரியாக, வாய்விட்டு. இரண்டு.

அப்போதுதான் அது உறைத்தது. புத்தகம் இல்லை, லேப்டாப் இல்லை, பேப்பர் இல்லை. ஒரு புரோகிராம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது, யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, கண்ணால் பார்ப்பதுபோல. பன்னிரண்டு வருடம் பருப்பு டப்பாவையும் ஸ்கூல் டைரியையும் தவிர வேறெதையும் நினைக்காத இந்தத் தலைக்குள்! எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்காத நேரத்தில் அழுவதற்கு சாக்கும் இல்லை.

ஆனால் நான் சொல்வது சரியா? லேப்டாப் எட்டடி தூரத்தில் பூச்சூடி உட்கார்ந்திருக்கிறது. அரை நிமிட வேலை. இரண்டு தடவை பூஜை அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். சரியென்றால் ஸ்பைரல் பொய். மனப்பாடம் செய்ததெல்லாம் குப்பை. தப்பென்றால் என் தலை பொய்.

இவர் மில் பூஜைக்குப் போய்விட்டு வந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து விஷயம் கேட்டார். சொன்னேன்.

"எடுத்துப் பாக்கோணுமா? பாரு. சாமி ஒண்ணுஞ் சொல்லாது."

"வேண்டாமுங்க. காலைல பாத்துக்கறேன்."

"ஏன்?"

"நான் சொன்னது சரின்னு எனக்குத் தெரியுமுங்க." சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பொரிப் பையை என் கையில் கொடுத்தார். வருடா வருடம் மில் பெயர் போட்ட மஞ்சள் பையில் பொரி வரும், கூடவே ஸ்வீட் பாக்ஸ் வரும். இந்த வருடம் சாதாரணக் கடைப் பை. பொரி பொரிதான். கடலையோடு கலந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

மறுபூஜை முடிந்ததும் லேப்டாப்பைத்தான் முதலில் எடுத்தேன். குங்குமம் விரலில் ஒட்டியது. புரோகிராமை எழுதி ஓட்டினேன்.

அ, ஆ.

இவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதா வரும்னு நேத்து அடுப்படியில நின்னுட்டுச் சொன்ன?" என்றார். "ஆமாங்க." "மிசினு இல்லாம?" "ஆமாங்க." மறுபடி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பதினாலு வருடத்தில் இந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கல்யாண மேடையில்கூட.

ஸ்பைரலில் இருந்த மற்ற கேள்விகளையும் ஓட்டிப் பார்த்தேன். தப்பு ஏராளம். பெனசிருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, போன பேட்ச் மொத்தமும் இதத்தான் மனப்பாடம் பண்ணுனாங்க!"

"பாஸ் பண்ணுனாங்களா?"

"அத நான் கேக்கவே இல்லக்கா" என்றாள்.

விஜயதசமி அன்று ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். உக்கடத்தானை எடுத்துப் பார்த்தேன். விலாசச் சீட்டு விவகாரம் அதிலும் இருக்கிறது, அப்படியே. ஆறிலிருந்து இருபத்தொன்று வரை எத்தனையோ மாடி ஏறியிருக்கிறது, அஸ்திவாரத்தில் இது அசையவே இல்லை. நான் இருபது வயதில் கற்றது எனக்குள் எங்கும் போகவில்லை. உக்கடத்தானைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தேன்.

அம்மிக்கல்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னாலிருக்கும் விடைப் பக்கங்களுக்கு சேஃப்டி பின் குத்தி மூடிவிட்டேன். இனி முதலில் தலை, அப்புறம் லேப்டாப், கடைசியில்தான் கைடு. தேடியது முடிந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

இவருடைய யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்தேன். அழுக்கே இல்லை. இருந்தாலும் துவைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

நாளை பரீட்சை. பாஸ் செய்தே ஆக வேண்டும். முன்பு ஆசைக்காகச் சொன்னேன். இப்போது ஏன் சொல்கிறேன் என்று எழுத வேண்டாம்.

அக்டோபர் 9, வியாழன்

அவிநாசி ரோட்டில் மூன்றாவது மாடி. கைப்பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். சோதனை போட்ட பெண் என் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விடையை அதில் எழுதி வைத்திருப்பேனோ என்று. உள்ளே ஒரு திரை, ஒரு மவுஸ். புரோகிராமைக் கொடுத்துவிட்டு, இது என்ன அச்சிடும் என்று கேட்கிறார்கள். ஓட்டிப் பார்க்க வழி கிடையாது.

முதல் கேள்வியில் கண் இருட்டியது. கண்ணை மூடி, எங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். ஓட ஆரம்பித்தது. பிறகு நிற்கவே இல்லை. சில இடத்தில் தடுக்கியது. சிலதில் ஊகித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் நான் பரீட்சை எழுதுகிறேன் என்பதே மறந்துபோனது. இத்தனை சின்னச் சின்ன விதிகள், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, ஒரு பிசிறு இல்லாமல் நகர்கின்றன. இதைக் கட்டிய மனிதர்களை எண்ணிக் கும்பிடலாம் போலிருந்தது. கடைசிக் கேள்வி முடிந்தபோது எனக்கு இன்னும் வேண்டும் என்றிருந்தது.

ரிசல்ட் மெயிலில் வருமாம், அரை மணி ஆகுமாம். கீழே இறங்கினால் டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்திருக்கிறார். வேலை நாள். யூனிஃபார்ம் சட்டை.

"பர்மிசன் போட்டேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ சொன்னார். இருவரும் குடிக்கவில்லை. பஸ் சத்தத்தில் போன் அதிர்ந்தது எனக்குத் தெரியவில்லை, இவர்தான் பார்த்தார். திறந்தேன். ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ. நடுவில் ஒரு சொல். அதைத் தொட்டுக் காட்டினேன்.

"பாஸா?"

"பாஸுங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிரசன்னாவுக்கு மெயிலை அனுப்பினேன். 'சூப்பர்க்கா, திங்கள்கிழமை வந்துடுங்க' என்று உடனே பதில் வந்தது. அதையும் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார், சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காத. மில்லு மூடி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உக்கடத்துல ஒரு பைப்புக் கடைல பில்லு போட்டுட்டு இருக்கேன். உன்ற கிட்ட சொல்லலாம்னு தெனமும் நெனப்பேன். சொன்னா நீ பரீட்சைக்காகப் படிப்பியா, பயத்துல படிப்பியா? அந்த நூத்தி இருவத்தேழு கதைய நீ சொன்ன அன்னிக்கு உன்ற மூஞ்சி இருந்துச்சு பாரு... அதக் கெடுக்க எனக்கு மனசு வரலம்மிணி."

எனக்குத் தெரியும். பல நாளாகவே தெரியும். எழுதினால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும் என்று இந்த டைரிக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ரசம் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வந்து, நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மனிதர் இதை இத்தனை நாள் தனியாகத் தூக்கி நடந்திருக்கிறார். இப்படி ஓர் ஆளோடு இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். தெரியும் என்று ஒரு சொல்லைச் சொல்லி, அவர் தூக்கியதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

"அய்யோ, எப்பங்க?" என்று கேட்டேன்.

அவர் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.